பாட்டு எப்போது தொடங்கும்?

2022 மார்ச் மாதக் கடைசியில் கொழும்பில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு. வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் இரவானால் வீட்டுக்குள் இருக்க முடியாது. பாயும் பனையோலை விசிறியும் தண்ணீர்ப் போத்தலுமாக எல்லோரும் மொட்டைமாடிக்கு ஏறிவிடுவோம். மேலே கடற்காற்றாவது வரும். அப்படி ஓர் இரவில் மூன்றாம் மாடிப் பையன் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவனுடைய சினேகிதன் கிட்டாரோடு வந்தான். வயலின் படிக்கிற ஒரு பிள்ளையும் சேர்ந்துகொண்டாள். என்ன வாசிப்பது என்று அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. கிட்டார்காரன் இரண்டு கோர்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களை, மாற்றி மாற்றி மீட்டத் தொடங்கினான். மற்ற இருவரும் அதற்குள் இறங்கினார்கள். இப்படி முன்கூட்டித் திட்டமிடாமல் கூடி வாசித்துக்கொண்டே போவதைத்தான் ஜாம் என்பார்கள்.

பத்து நிமிடம் போயிருக்கும். நாலாம் மாடி அன்ரி என் பக்கம் குனிந்து, "பிள்ளை, பாட்டு எப்போது தொடங்கும்?" என்று கேட்டார்.

குற்றம் சொல்லும் குரல் அதில் இல்லை. உண்மையாகவே காத்திருந்தார். எனக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. 1994 இல் ஒரு கசற்றைக் கேட்டுக்கொண்டு இதையே நானும் கேட்டேன்.

அண்ணா அப்போது ரொறன்ரோவில் இருந்தார். ஊரிலிருந்து போனவர்களில் பலர் சினிமாப் பாட்டுக்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், இவருக்கு வேலைத்தளத்தில் ஒரு கனேடியர் கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்கக் குழுவைப் பழக்கிவிட்டார். 1965 இல் கலிபோர்னியாவில் தொடங்கிய குழு. ஒரு பாட்டை ஒரு நாள் வாசித்ததுபோல் மறுநாள் வாசிக்க மாட்டார்கள். கேட்க வருகிறவர்கள் நிகழ்ச்சியை ஒலிப்பதிவு செய்யலாம், ஆளுக்காள் பிரதி எடுத்துக் கொடுக்கலாம், விற்கக்கூடாது. 1984 இலிருந்து ஒலிவாங்கியோடு வருகிறவர்களுக்கென்று மண்டபத்தில் தனி இடமே ஒதுக்கிக் கொடுத்தார்கள். கசற்றுகள் கைமாறிக் கைமாறி உலகம் முழுதும் போயின. அதில் ஒன்று வெள்ளவத்தைக்கும் வந்தது.

90 நிமிடக் கசற். மட்டையில் அண்ணாவின் கையெழுத்து: 1977 மே 8, கோர்னெல் பல்கலைக்கழகம், பார்ட்டன் மண்டபம். கீழே பாட்டுக்களின் பெயர்கள். இரண்டு பெயர்களுக்கு நடுவில் மட்டும் ஓர் அம்புக்குறி. பேனை வழுக்கியிருக்கும் என்று நினைத்தேன். போட்டுக் கேட்டால், முதல் பாட்டில் சொற்கள் முடிந்துவிட்டன, ஆனால் வாத்தியங்கள் நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தன. எனக்கு அப்போது பதினேழு வயது. பல்லவி, சரணம், நடுவில் கொஞ்சம் இசை, நாலரை நிமிடத்தில் முடிவு என்று பழகிய காது. இவர்கள் வாத்தியத்தைச் சுதி சேர்க்கிறார்களா, அடுத்த பாட்டைத் தேடுகிறார்களா என்று விளங்கவில்லை. நிறுத்திவிட்டேன். அப்பா மட்டையைப் பார்த்துவிட்டு, "போதைக்காரரின் பாட்டு" என்று ஒரே சொல்லில் முடித்தார்.

அப்பா சொன்னதில் கொஞ்சம் சரித்திரம் இருந்தது. 1965, 66 ஆம் ஆண்டுகளில் எழுத்தாளர் கென் கேசி நடத்திய எல்எஸ்டி என்ற போதைமருந்துக் கூட்டங்களில் வாசித்து வளர்ந்தவர்கள்தான் இவர்கள். ஆனால் போதை இல்லாமல் இந்த இசை பிடிபடாது என்று சொல்வது சுத்தப் பொய். இந்தக் குழுவின் ரசிகர்களிலேயே குடியையும் போதையையும் விட்டவர்கள் தங்களுக்கென்று ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். இடைவேளையில் மஞ்சள் பலூன் கட்டிய இடத்தில் கூடுவார்கள். ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு மிச்சக் கச்சேரியைக் கேட்பார்கள். எனக்கு ஒரு கோப்பை தேத்தண்ணீர் போதும்.

அந்தக் கசற் அடுத்த வருடம் வரை அலுமாரியில் கிடந்தது. 1995 ஓகஸ்டில் குழுவின் கிட்டார்காரர் ஜெரி கார்சியா இறந்தபோது அண்ணா தொலைபேசியில் கதைத்தார். யாரோ உறவுக்காரர் செத்ததுபோல் குரல் உடைந்திருந்தது. அம்புக்குறியைப் பற்றி அன்றுதான் கேட்டேன். "ஒரு பாட்டு நிற்காமல் மற்றப் பாட்டுக்குள் போகிறது என்று அர்த்தம். எந்த இடத்தில் போகிறது என்று கண்டுபிடி பார்ப்போம்" என்றார்.

தங்கச்சிக்கு அண்ணா கொடுத்த ஒரு சின்ன வேலை, அவ்வளவுதான். ஆனால் என் காதை மாற்றியது அதுதான். முதலில் இரண்டு பாட்டையும் சொற்களோடு மனப்பாடம் செய்தேன். பிறகு ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு அந்த இடத்தைத் தேடினேன். ஒன்று மற்றதுக்குள் போகிற பகுதியில் இரண்டு பாட்டுக்கும் அடியில் ஓடுவது ஒரே இரண்டு கோர்டுகள் என்பதால் எல்லை தெரியவே இல்லை. நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ கிட்டாரை விட்டுவிட்டு, அடிச்சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு போனேன். மேலே கிட்டார் இன்னும் பழைய பாட்டில் உலாவிக்கொண்டிருக்க, கீழே தரை மாறிக்கொண்டிருந்தது. பிறகு ஒவ்வொருவராக அந்தத் தரைக்கு வந்து சேர்ந்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருபத்தைந்து நிமிடத்துக்குக் கிட்டப் போகிற அந்தத் துண்டு அதன்பிறகு எனக்கு ஒருநாளும் நீளமாகத் தெரியவில்லை.

அந்த ஒலிப்பதிவை 2011 ஆம் ஆண்டுக்கான பட்டியலில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தது. எனக்கு அது மட்டையில் கிறுக்கிய ஓர் அம்புக்குறி.

புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த அனுபவத்தைத்தான்: பாட்டைத் தெரிந்துகொண்டு பிறகு அலையப் போங்கள். நாதஸ்வரத்துக்குச் சொல் கிடையாது. ஆனாலும் நல்லூரில் நின்று கேட்கிறவருக்குச் சொல் கேட்கிறது, ஏனென்றால் கீர்த்தனை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. வித்துவான் எவ்வளவு தூரம் போனாலும் எதை விட்டுப் போனார், எதற்குத் திரும்பி வருவார் என்று கேட்கிறவர் அறிவார். ஜாம் இசையைக் கொண்டாடுகிறவருக்கும் வெறுக்கிறவருக்கும் இடையில் உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு இதுதான் என்பது என் முடிவு. ஒருவர் வீட்டைத் தெரிந்துகொண்டு நடக்கிறார். மற்றவரைக் கண்ணைக் கட்டி நடுத்தெருவில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். அவர் கோபப்படாமல் என்ன செய்வார்?

"டார்க் ஸ்டார்" என்ற பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1968 இல் அது சின்ன இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிடம்கூட இல்லை. 1969 இல் வந்த நேரடி இசைத்தட்டில் அதே பாட்டு 23 நிமிடம். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் புதிய ஆளுக்கு இந்த இரண்டாவதைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள். நானும் அந்தப் பிழையைச் செய்தேன்.

யாழ்ப்பாணம் போகிற வழி. வான் நிறையக் குடும்பம். என் கணவர் ஓட்டுகிறார், மாமியார் பக்கத்தில், பிள்ளைகள் பின்னால். சிலாபம் தாண்டியதும் அந்த 23 நிமிடத்தைப் போட்டேன். எனக்கு எவ்வளவோ இன்பம் தந்ததை இவர்களும் கேட்கட்டும் என்ற ஆசை. பன்னிரண்டாவது நிமிடத்தில் கணவர் கையை நீட்டி நிறுத்தினார். ஒரு கிலோமீற்றர் தூரம் யாரும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வான் ஓட்டுகிறவனுக்கு அடுத்த வளைவு எங்கே என்று தெரிய வேண்டும். இதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. களைத்துப் போனேன்."

அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்று அவர் பக்கம் நியாயம் இருந்தது என்று எழுதுகிறேன். வானின் இரைச்சலில் பேஸ் கிட்டார் முழுதாக அமுங்கிவிட்டது. கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கியிலும் இதே கதைதான். அந்தச் சின்னப் பொருளால் அடிச்சத்தத்தை எழுப்ப முடியாது. ஐந்து பேர் கூடிக் கதைக்கும் இடத்தில் இரண்டு பேரின் குரலை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பவர்கள் பிதற்றுவதுபோல்தான் தோன்றும். கூர்மையான கிட்டார் மட்டும் மேலே நின்று அரித்துக்கொண்டிருக்கும். "சும்மா கிட்டாரைச் சுரண்டுகிறார்கள்" என்று ஜாம் இசையைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் அதைக் கேட்ட கருவியைத் திட்டுகிறார்கள். ஹெட்ஃபோன், அல்லது நல்ல அடிச்சத்தம் உள்ள ஒலிபெருக்கி. இரண்டும் இல்லாவிட்டால் அன்றைக்குக் கேட்க வேண்டாம்.

என் கணவருக்கு நீளம் பிரச்சினையே இல்லை என்பதையும் பிறகுதான் கண்டேன். கலியாண வீடுகளில் பைலாவை நாற்பது நிமிடம் நிறுத்தாமல் வாசிப்பார்கள். வியர்வை வழிய ஆடிவிட்டு இன்னும் வேண்டும் என்பார். அங்கே தெரிந்த பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, உடம்புக்கும் வேலை இருக்கிறது. கிரேட்ஃபுல் டெட் கச்சேரிகளிலும் சனம் எழுந்து நின்று ஆடியது. ஃபிஷ் என்ற குழு 2017 இல் நியூயோர்க் மடிசன் ஸ்குவயர் கார்டனில் 13 இரவுகள் வாசித்தது, ஒரு பாட்டையும் இரண்டாம் தடவை எடுக்கவில்லை. அங்கே போனவர்களும் ஆடத்தான் போனார்கள். நாங்கள் அதை வீட்டில், கதிரையில், கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு அலுப்பு என்கிறோம். நடந்துகொண்டு கேட்டுப் பாருங்கள். மாலையில் மரைன் டிரைவ் ஓரமாக வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை ஒரு பாட்டுப் போதும். கால் தாளத்தைப் பிடித்துக்கொண்டால் காது தானாகப் பொறுமை கொள்ளும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தோற்றுப்போன ஜாம்கள் ஏராளம். கிரேட்ஃபுல் டெட் ஏறத்தாழ 2,300 கச்சேரிகள் செய்தார்கள். எல்லாம் நல்ல இரவுகள் அல்ல. 1969 உட்ஸ்டொக் விழாவில் மழையில் நனைந்த மேடையில், மின்சாரம் உடம்பில் அடிக்க அடிக்க அவர்கள் வாசித்ததை அவர்களே தங்கள் மோசமான கச்சேரிகளில் ஒன்று என்று சொல்லிவந்தார்கள். குரலும் பல இரவுகளில் சுதி விலகும். இதைக் கேட்டுவிட்டு ஒருவர் வெறுத்தால் அவருக்குக் காது இல்லை என்று சொல்வது அநியாயம். ரசிகர்களான எங்களிடம் அந்தக் கெட்ட பழக்கம் இருக்கிறது. பிடிக்கவில்லை என்றவரிடம் இன்னொரு நீளமான ஒலிப்பதிவை நீட்டுவோம். அதுவும் பிடிக்கவில்லை என்றால் அவர் மேலேயே பழி. பலர் ஓடிப்போனதற்கு இசையைவிட நாங்கள்தான் காரணம்.

எப்படித் தோற்கிறது என்பதை அந்த மொட்டைமாடியில் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தேன். கிட்டார் பையன் கண்ணை மூடிவிட்டான். அவனுக்கு நல்ல வேகம் இருந்தது, விரல்கள் பறந்தன. மிருதங்கப் பையன் போதும் என்று நினைத்து ஒரு மோரா வைத்தான். எங்கள் இசையில் அது வாருங்கள், முடிப்போம் என்கிற அழைப்பு. வயலின் பிள்ளை வில்லைத் தூக்கிக் காத்திருந்தாள். கிட்டார் நிற்கவில்லை. இரண்டாம் தடவை வைத்தான். கேட்கவில்லை. மூன்றாம் தடவை மிருதங்கம் முடித்து ஓய்ந்தது, வயலினும் ஓய்ந்தது, கிட்டார் மட்டும் இருட்டுக்குள் தனியே கொஞ்ச நேரம் ஓடி, தடுமாறி, நின்றது. யாரும் கைதட்டவில்லை. அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு கம்பிகளைத் துடைத்தான். எனக்கு வயிறு பிசைந்தது.

மறுநாள் இரவும் வந்தார்கள். அதுவே எனக்குப் பெரிதாகப் பட்டது. இம்முறை கீழேயே பேசிவிட்டு வந்திருந்தார்கள். முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய கீர்த்தனையின் பல்லவியை மூவரும் சேர்ந்து மூன்று தடவை வாசித்தார்கள். பிறகு விட்டார்கள். கிட்டார் பையன் கண்ணைத் திறந்து வைத்திருந்தான். கைத்தொலைபேசி வெளிச்சத்தில் அவன் பார்வை மிருதங்கப் பையனின் வலக்கையிலேயே இருந்தது. ஏழெட்டு நிமிடம் எங்கெங்கோ போனார்கள். வயலின் பிள்ளை ஒரு சின்னத் துண்டை வாசிக்க, கிட்டார் அதையே வாங்கி வளைத்துத் திருப்பிக் கொடுத்தது. மோரா விழுந்தது. மூவரும் பல்லவியின் எடுப்பில் ஒன்றாக வந்து இறங்கினார்கள். பக்கத்தில் பார்த்தேன். நாலாம் மாடி அன்ரி விசிறியைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு பல்லவியை முணுமுணுத்தார். பாட்டு எப்போது தொடங்கும் என்று அன்றைக்குக் கேட்கவில்லை.

இந்த இசைக்கும் எங்களுக்கும் தூரம் அதிகம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். கிரேட்ஃபுல் டெட்டின் தாளக்காரர் மிக்கி ஹார்ட் தபேலா மேதை அல்லா ரக்காவிடம் கற்றவர். 1991 இல் அவர் உருவாக்கிய பிளனெட் டிரம் என்ற இசைத்தட்டில் கடம் வாசித்தவர் விக்கு விநாயக்ராம். அது கிராமி விருது பெற்றது. சக்தி என்ற குழுவில் ஜோன் மக்லொக்லினின் கிட்டாரோடு மல்லுக்கு நின்ற வயலின்காரர் எல். சங்கர், சிறுவனாக யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். தகப்பனார் லட்சுமிநாராயணா அங்கே இசை கற்பித்தார். 1958 கலவரத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது. கர்நாடக இசை கேட்கிறவர்கள் சக்தியிலிருந்து தொடங்குவது நல்ல வழி. 1976 இல் வந்த முதல் இசைத்தட்டே நேரடிக் கச்சேரிதான். அதைக் கேட்ட காதோடு டார்க் ஸ்டாருக்கு வந்தால், அவர்கள் உலாவும் சுரங்கள் பெரும்பாலும் ஹரிகாம்போதி இராகத்தின் சுரங்கள் என்பது பிடிபடும். கமகம் என்கிற சுர அசைவு இல்லாத ஹரிகாம்போதி. இராகமாக எதிர்பார்க்க வேண்டாம், சுரங்கள் மட்டும்.

பெரியப்பாவின் கதையைச் சொல்லாமல் விட முடியாது.

2023 இல் இணுவிலிலிருந்து கண் சத்திரசிகிச்சைக்காக வந்து எங்களோடு பத்து நாள் தங்கினார். பத்திரிகை வாசிக்கக்கூடாது, தொலைக்காட்சி பார்க்கக்கூடாது. ஒரு கண்ணில் மூடி. கோயில் வீதிகளில் தவில்காரர்கள் கூடி விடிய விடிய வாசிக்கும் சமா கேட்டு வளர்ந்த மனிதர். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலை நேரே கேட்டவர். கையில் வானொலியோடு சாய்மனைக் கதிரையில் கிடந்து சலித்துப்போனார். "நீ கேட்கிற அந்த வெள்ளைக்காரரின் சமாவைப் போடு பார்ப்போம்" என்றார் ஒருநாள்.

நான் யோசித்து ஓல்மன் பிரதர்ஸ் குழுவை எடுத்தேன். 1971 மார்ச்சில் நியூயோர்க்கில் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவானது; விப்பிங் போஸ்ட் என்ற பாட்டு, அதுவும் 23 நிமிடம். இம்முறை நல்ல ஒலிபெருக்கி, வீட்டில் வேறு சத்தம் இல்லை. பாட்டு பேஸ் கிட்டாரில் தொடங்குகிறது. பெரியப்பாவின் விரல்கள் கதிரைக் கையில் எண்ணத் தொடங்கின. மூன்று, மூன்று, மூன்று, இரண்டு. திரும்பவும் மூன்று, மூன்று, மூன்று, இரண்டு. நிமிர்ந்து உட்கார்ந்தார். "பதினொன்று! சங்கீர்ண ரூபக தாளத்தின் எண்ணிக்கை. ஆனால் இரண்டைப் பின்னுக்குப் போட்டிருக்கிறார்கள். யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்றார். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பாட்டை எழுதிய கிரெக் ஓல்மனுக்கே அது பதினொன்று என்று அப்போது தெரியாது, மூன்று தடவை மூன்றும் அடுத்ததற்குத் தாவ ஓர் இரண்டும் என்றுதான் நினைத்திருந்தார் என்றேன். பெரியப்பாவுக்கு அது மிகவும் பிடித்துக்கொண்டது.

பாட்டு தொடங்கியதும் நடை மாறியது. அவரும் மாறினார். நடுவில் ஓரிடத்தில் தாளத்தையே விட்டுவிட்டுக் கிட்டார்கள் தனியே மிதக்கும். பெரியப்பாவின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. இறக்கவும் இல்லை, மடக்கவும் இல்லை. "பல்லவி முடிந்த பிறகு ஆலாபனையா? தலைகீழாகச் செய்கிறார்கள்" என்று மெல்லச் சொன்னார். ஆனால் கை இறங்கவில்லை. தாளம் திரும்பி வந்தபோதுதான் அடி விழுந்தது, சரியான இடத்தில்.

முடிவு வந்தபோது அவருக்குக் கோபம். அந்த இசைத்தட்டில் விப்பிங் போஸ்ட் தீருவதற்குள் அடுத்த பாட்டின் தொடக்கச் சுரங்கள் கேட்கின்றன, ஒலி அப்படியே மங்கி மறைந்துவிடுகிறது. அடுத்ததாக வருவது 33 நிமிட மவுண்டன் ஜாம். அது 1972 இல் வேறோர் இசைத்தட்டில்தான் வெளிவந்தது. "தீர்மானம் வைக்காமல் கதவைச் சாத்திவிட்டார்களே!" என்றார் பெரியப்பா. "இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போனவன் கணக்கு முடித்து வீட்டில் விட வேண்டாமா? தவில்காரன் இப்படிச் செய்தால் வீதியில் விடுவார்களா?" அரைமணி நேரம் அதைப் பற்றியே பேசினார். கிட்டார் வித்துவான்கள் இருவரும் நல்ல ஞானக்காரர், பின்னால் அடிக்கிறவர்கள் கணக்குப் போடாமல் காலத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அதுதான் குறை என்றார். அவர் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அங்கே தாளக்காரர்களின் வேலை வேறு என்று வாதாடினேன். அவர் கேட்கவில்லை. இந்த இசையைப் பற்றி நான் கதைத்த நல்ல கதைகளில் அதுவும் ஒன்று. அண்ணாவோடுகூட அப்படி வாதாடியதில்லை, ஏனென்றால் அவருக்கு எல்லாமே பிடிக்கும்.

பத்தாம் நாள் இரவு பஸ்ஸுக்குப் புறப்படும்போது பெரியப்பா பையிலிருந்து தன் பென் டிரைவை எடுத்தார். அவருடைய வானொலியில் செருகிக் கேட்பதற்காக நாதஸ்வரக் கச்சேரிகள் நிரப்பி வைத்திருந்தது. "பிள்ளை, அந்தப் பதினொன்று வருகிற துண்டை மட்டும் வெட்டி இதிலே போட்டுத் தா" என்றார். "மற்றது வேண்டாம்."